திட்டுவதானால் அவரவர் வாயால் திட்டட்டும்

என்னிடம் தைக்கிறவர்களுக்கு நான் இரண்டு மாதக் கூலி கடன்பட்டிருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. ஆடம்பரம் பண்ணி ஏறிய கடன் இல்லை இது. எனக்கு வரவேண்டிய பணத்தை ஒரு கம்பெனி பிடித்து வைத்ததால் என் தலையில் வந்து உட்கார்ந்த கடன். நானே முதலில் சொல்லிவிட்டால் ஊரார் சொல்ல ஒன்றும் மிஞ்சாது பாருங்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றேன். கல்யாணமாகி வந்த வீட்டில், மாடிப்படிக்கு அடியில், ஓர் ஆள் சுருண்டு உட்காரும் இடத்தில் வாடகைத் தையல் மெஷின் ஒன்றைப் போட்டு ஆரம்பித்தேன். நிமிர்ந்தால் தலை இடிக்கும். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். உழைப்பு மட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அவர் இறந்த பிறகு கடன்காரர்கள் வந்தார்கள், சொந்தக்காரர்கள் வரவில்லை. மெஷினை ஓட்டிக்கொண்டே அத்தனை பேருக்கும் பதில் சொன்னேன். இன்றைக்கு டயர் கடைக்கு மேலே ஒரு முழு மாடி என்னுடையது. வரிசையாக மெஷின்கள், வெட்டுவதற்கு ஒரு நீள மேஜை, தைக்கப் பன்னிரண்டு பேர். நாங்கள் தைப்பது வேலைக் கோட்டு. மெக்கானிக் போடுவது, சோதனைக்கூடத்தில் போடுவது, ஓட்டல் சமையல்காரர் போடுவது எல்லாம். இந்த ஊரில் கோட்டு மாட்டி வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் காலையில் என் தையலுக்குள்தான் கையை நுழைக்கிறார்கள். காலருக்குள் இருக்கும் லேபிள் கம்பெனியுடையது. மற்றதெல்லாம் நான்.

அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு வெப்சைட் உண்டு. அதில் படத்தைப் பார்த்து ஜனங்கள் கோட்டு வாங்குவார்கள். பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வந்த கோட்டில் "தையல் குறை" என்று சீட்டு ஒட்டியிருந்தால், அந்தக் கோட்டின் முழு விலையையும் என் பில்லில் கழித்துக்கொள்வார்கள். ஒப்பந்தம் அப்படி. கையெழுத்துப் போட்டது நான்தான். வருஷத்துக்கு நாலைந்து கோட்டு வரும், போகட்டும் என்று விட்டேன்.

பிறகு திடீரென்று மூட்டை மூட்டையாக வர ஆரம்பித்தது. எல்லாவற்றிலும் ஒரே சீட்டு. தையல் குறை, தையல் குறை, தையல் குறை. மூட்டை கொண்டுவந்த ஆளின் முன்னாலேயே ஒரு கோட்டின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தேன். பிரியவில்லை. "நீ இழு" என்றேன். அவன் ஒரு காலை சுவரில் ஊன்றி இழுத்தான். "எனக்கு மூச்சு வாங்குதும்மா, ஆளை விடுங்க" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டு மாதப் பில்லில் கம்பெனி கழித்தது போக எனக்குக் கொடுத்த பணம் நூல் வாங்கிய கடைக்கே போதவில்லை.

என் மருமகள் பேச்சில் கெட்டிக்காரி, செல்போனில் அதைவிடக் கெட்டிக்காரி. அவள் குழந்தைக்கு மெத்தை விரிப்பு வாங்கிய வேறொரு கடையின் வெப்சைட்டை எனக்குக் காட்டினாள். ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டி. தொட்டால் விரிகிறது. இந்தப் பக்கத்தில் உங்களுக்கு என்ன கஷ்டம், உங்கள் வார்த்தையில் எழுதுங்கள் என்று கேட்கிறது. எழுதலாம், கஷ்டம் இருக்கும் இடத்தை விரலால் வட்டம் போட்டும் காட்டலாம். வட்டத்தோடு படம் கடைக்காரருக்குப் போய்விடும்.

"இத எந்தக் கம்பெனி வேணா தன் சைட்ல வச்சுக்கலாம் அத்தை. முத மாசம் இலவசம்கூட. கருத்துப் பெட்டின்னு பேரு."

"திட்டி எழுதலாமா?"

"தாராளமா."

எனக்கு அப்போதே அது பிடித்துவிட்டது. நான் வாழ்க்கையில் நிறையத் திட்டு வாங்கியவள். முகத்துக்கு நேராக வரும் திட்டுக்குப் பதில் சொல்ல முடியும். சீட்டு ஒட்டி வரும் திட்டுக்கு யாரிடம் போய்ப் பதில் சொல்வது?

மறுநாளே கம்பெனி மேனேஜரிடம் போனேன். கண்ணாடி அறை. ஏ.சி. தண்ணீர் சொட்டுவதற்கு மூலையில் ஒரு வாளி. பக்கத்து மேஜையில் கணக்குப் பார்க்கும் பெண். மேனேஜர் என் மகன் வயசு, மரியாதையான பையன். நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பான். எழுந்து நின்று மரியாதையாக "முடியாது" என்பான்.

"ஜனங்க ஏன் திருப்பறாங்கன்னு ஏற்கெனவே கேட்டுட்டுதாம்மா இருக்கோம். லிஸ்ட் இருக்கு, அதுல அவங்களே தேர்ந்தெடுக்கறாங்க. நாங்களா எதுவும் எழுதல."

"லிஸ்ட்டுல இருக்கறது உங்க வார்த்தை தம்பி. அவங்க வார்த்தைய நான் கேக்கணும்."

"கேட்டா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லேம்பாங்க. இருக்கற ஒரு மூடியையும் எடுக்கச் சொல்றீங்க. குப்பையா கொட்டுவாங்க, அத யாரு உக்காந்து படிக்கறது?"

"நான் படிக்கிறேன்."

"நீங்களா?" என்றான். சிரிக்கவில்லை, ஆனால் உதடு துடித்தது. என் படிப்பு அவனுக்குத் தெரியும்.

"எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எனக்கு அவசரமில்லை."

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் குரலைத் தணித்தான். "அம்மா, உங்ககிட்ட ஒளிக்கல. குறை எழுத இடம் குடுத்தா குறை கூடும். மாசக் கடைசில மேல இருக்கறவங்க முன்னாடி நான்தான் கை கட்டி நிக்கணும். இப்ப தையல் குறை ஒண்ணுதான் கணக்குல நிக்குது. அதுக்குப் பதில் எங்கிட்ட இருக்கு."

அந்தப் பதில் நான்தான் என்பது எனக்குப் புரிந்தது. தையல்காரி மேல் போட்டால் கதை முடிந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கணக்குப் பெண் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தே சொன்னாள்.

"ஆடிக் காட்டறேன் கண்ணு, கூடத்தை நீ கூட்டி வை" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

நேராக டயர் கடை மாடிக்குப் போனேன். மேலே காஜாக்காரி காத்துக்கொண்டிருந்தாள். பொத்தானுக்குத் துளை தைப்பதைக் காஜா என்போம். அவள் காஜாவும் பொத்தானும் பார்க்கிறவள், என் தொழில் படிக்கட்டுக்கு அடியில் இருந்த நாளிலிருந்து கூட இருக்கிறவள். அவள் முன்னால் நின்றால் மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள்.

"என்னக்கா, பணம் வந்துச்சா?"

"வரும்."

"வரும் வரும்னு நீ சொல்றத வச்சு வீட்டு வாடகை குடுத்தா வீட்டுக்காரம்மா வாங்கிக்கறாங்களான்னு கேட்டுப் பாத்தேன். மாட்டேங்கறாங்க." பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "பக்கத்துத் தெருவுல பை தைக்கக் கூப்பிடறாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் நான் போனா பாதி மெஷின் எங்கூட எழுந்து வரும், சொல்லிட்டேன்."

"மெஷின் என்னுது."

"ஓட்டற காலு எங்களுது."

கீழே கிடந்த நூல்கண்டைப் பொறுக்கி வெட்டும் மேஜையில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் மருமகளிடம், "அந்த லிஸ்ட்டை எனக்குக் காட்டு. எல்லாரும் அந்த ஒரு வரியையே எடுக்கறாங்கன்னா அதுல என்ன மருந்து தடவி வச்சிருக்கான்னு பாப்போம்" என்றேன். அவள் கம்பெனி வெப்சைட்டில் ஒரு கோட்டு வாங்குவதற்குப் பணம் கட்டினாள். வந்ததும் திருப்பும் பக்கத்தைத் திறந்தாள். முதல் வரி, தையல் குறை. அதைத் தொட்டால், "நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம், கட்டணம் இல்லை." அளவு சரியில்லை என்பதைத் தொட்டால் கூரியர் கட்டணம் கேட்டது. நிறம் பிடிக்கவில்லை என்றாலும் கேட்டது. மனம் மாறிவிட்டது என்றாலும் கேட்டது. தப்பு கம்பெனியுடையதானால் கம்பெனி செலவு, வாங்கியவருடையதானால் அவர் செலவு. எழுதினவன் நியாயமாகத்தான் எழுதியிருக்கிறான்.

மருமகள் என்னைப் பார்த்தாள். "அத்தை, கோச்சுக்காதீங்க. நானா இருந்தாலும் முத வரியத்தான் அமுக்குவேன்."

"நானும்தான்டி" என்றேன்.

அந்தக் கோட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி கண்ணாடி அறைக்குப் போனேன். இந்த முறை குரலை இறக்கிக்கொண்டேன். நடிக்க வேண்டிய இடத்தில் நடிக்கத் தெரியாதவள் வியாபாரம் பண்ண முடியாது.

"தம்பி, உங்க சைட்டுல ஒரு கோட்டு வாங்கினேன். நிறம் எனக்குப் பிடிக்கல. திருப்பி அனுப்பணும். நமக்குப் படிப்புக் கொஞ்சம். நீங்களே போட்டுக் குடுங்களேன்."

"உங்க கோட்டையே நீங்க வாங்குனீங்களா?" என்று சிரித்துவிட்டு, மருமகள் கொடுத்தனுப்பிய போனை வாங்கினான். நல்ல பையன் என்று சொன்னேனே. நிறம் பிடிக்கவில்லை என்பதைத் தொட்டான். "கூரியர் சார்ஜ் வரும்மா."

"ஐயோ, அது வேறயா? காசில்லாம அனுப்ப வழி இல்லையா தம்பி?"

"இருங்க, பாக்கறேன்." அவன் விரல் மேலே போயிற்று. ஒரு தொடு. "இப்படிப் போட்டா ஃப்ரீ. ஆள் வந்து எடுத்துட்டுப் போய்டுவான்." போனை என் பக்கம் நீட்டினான்.

நான் வாங்கவில்லை. "படிச்சுச் சொல்லுங்க தம்பி, என்ன போட்டிருக்கீங்க?"

அவன் படித்தான். வாய்விட்டுப் படிக்கவில்லை. காது மட்டும் சிவந்தது. வாளியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. கணக்குப் பெண் கம்ப்யூட்டரைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

"என்னை மாட்டி விட்டுட்டீங்க" என்றான்.

"நீங்க இரக்கப்பட்டு ஒரு கிழவிக்கு உதவி பண்ணீங்க. அதே மாதிரி ஊருல எல்லாரும் அவங்கவங்களுக்கு உதவி பண்ணிக்கிட்டாங்க. விலை என் பில்லுல."

போனை மேஜையில் வைத்தான். "சரி. லிஸ்ட்டை மாத்தச் சொல்றேன். எல்லாத்துக்கும் ஒரே சார்ஜ். போதுமா?"

"போதாது. மாத்தினா பழி வேற வரிக்குப் போகும், இல்ல எல்லா வரிக்கும் பிரிஞ்சு போகும். ஏன் திருப்பறாங்கன்னு அப்பவும் உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பெட்டிய வைங்க. எழுதட்டும்."

"உங்க தையலைத் திட்டி எழுதினா?"

"எழுதினா அந்தக் கோட்டோட காசைப் பிடிச்சுக்குங்க. வாயத் திறக்க மாட்டேன். எழுதலைன்னா, இதுவரைக்கும் பிடிச்சதைத் திருப்பிக் குடுங்க. ஒரு மாசம். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும் பணம்."

"மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"தையல்காரி தொந்தரவு தாங்கலன்னு சொல்லுங்க. நம்புவாங்க."

கணக்குப் பெண் இப்போது சிரித்தாள். "வச்சுத்தான் பாருங்க சார். இவங்க போகமாட்டாங்க, நாற்காலியவும் விடமாட்டாங்க."

அவன் கையை உயர்த்தினான், சரணாகதி மாதிரி. ஒரு மாசம் என்றான். அதற்கு மேல் ஒரு நாள் இல்லை என்றான். நான் சரி என்றேன். கையெழுத்துக் கேட்டேன். என் வாய்ச்சொல் போதும், அவன் வாய்ச்சொல் எனக்குப் போதாது. எழுதிக் கொடுத்தான்.

தைக்கிறவர்களிடம் போய் இதைப் பெருமையாகச் சொன்னேன். மாடியில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"எங்க கூலிய வச்சா பந்தயம் கட்டுன?" என்றாள் காஜாக்காரி.

"என் தையலை வச்சுக் கட்டுனேன்."

"உன் தையல் எதுக்கா? நீ மெஷின்ல உக்காந்து வருஷம் ஆச்சு. தையல் எங்களுது." அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "யாரோ ஒருத்தன் பொண்டாட்டி மேல கோபத்துல தையல் கேவலம்னு எழுதுவான். நீ வாயத் திறக்கமாட்ட. எங்க பிள்ளைங்க வாயும் திறக்காது, தின்ன இல்லாம."

"அப்படி எழுதினா என் வளையலை வித்துக் குடுப்பேன்."

"கழட்டிக் காட்டு."

கழற்றினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை, ஆனால் பையை மாட்டிக்கொண்டு போகவும் இல்லை. மாதக் கடைசி வரைக்கும் என்றவள் இன்னொரு மாதம் இருந்தாள்.

பெட்டி வந்தது. முதலில் வந்ததெல்லாம் மேனேஜர் சொன்ன குப்பைதான். ஒருவர் வேலை காலி இருக்கிறதா என்று கேட்டார். ஒருவர் வணக்கம் என்று மட்டும் எழுதினார். ஒரு அம்மாள், படத்தில் கோட்டுப் போட்டு நிற்கிற பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். மேனேஜர் ஒவ்வொன்றையும் மருமகள் போனுக்கு அனுப்பி, கீழே "படியுங்க அம்மா" என்று எழுதுவான். நானும் எழுத்துக் கூட்டி விடாமல் படித்தேன்.

பிறகு ஒருவர் எழுதினார்: "சைஸ் எங்கே தேர்ந்தெடுப்பது? எனக்குத் தெரியவேயில்லை. நடு சைஸே வருகிறது." கூடவே ஒரு படம். போன் திரையின் கீழ்ப்பக்கம் விரலால் வட்டம். அந்த இடத்தில் சிவப்பாக ஒரு பட்டை ஓடியது: இன்றே வாங்கினால் தள்ளுபடி. அந்தப் பட்டைக்கு அடியில்தான் அளவைத் தேர்ந்தெடுக்கும் வரிசை ஒளிந்துகொண்டிருந்தது. ஆபீசில் பெரிய கம்ப்யூட்டரில் பார்த்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். கையில் போனை வைத்து வாங்குகிறவருக்குப் பட்டை மட்டும் தெரியும். தேர்ந்தெடுக்காவிட்டால் நடு அளவு தானாகப் போய்விடும். குண்டனுக்கும் நடு அளவு, ஒல்லிக்கும் நடு அளவு. அவர்கள் திருப்புகிறார்கள், காசில்லாத வரியைத் தொடுகிறார்கள்.

அன்று முதல் அதே வட்டம் அதே இடத்தில் வேறு வேறு விரலால் வந்துகொண்டே இருந்தது. மேனேஜர் "படியுங்க அம்மா" என்று எழுதுவதை நிறுத்திவிட்டான். மூட்டைகள் வரத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் போட்ட அந்தச் சிவப்புப் பட்டை அவன் யோசனை. அதற்காக மேலே பாராட்டு வாங்கியிருக்கிறான். கணக்குப் பெண்தான் மருமகளிடம் சொன்னாள்.

எனக்கு ஆடவேண்டும் போல இருந்தது. ஆடியிருப்பேன். அதற்குள் வேறொன்று வந்தது. "கோட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் மேலிருந்து இரண்டாவது பொத்தான் மூன்றாம் நாளே தெறித்துவிட்டது." மறுநாள் இன்னொருவர், அதே பொத்தான். பிறகு ஒருவர் வட்டமே போட்டு அனுப்பினார். பொத்தான் இருந்த இடத்தில் நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

மருமகள், "இதக் காட்டணுமா அத்தை?" என்றாள்.

"கேட்டு வாங்கினது நான். பாதிய மறைக்கவா வாங்கினேன்?"

மாடிக்குப் போய்க் காஜாக்காரி முன்னால் போனை வைத்தேன். அவள் பார்த்தாள். "எந்த மகராசன் எழுதினான்? பொத்தானைப் பல்லால இழுத்திருப்பான்." ஆனால் எழுந்துபோய்க் கட்டி வைத்திருந்த கோட்டுகளில் இரண்டாவது பொத்தான்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தாள். நாலைந்து அவள் கையோடு வந்துவிட்டன. பொத்தான் மெஷினின் நூல் பிடி தளர்ந்திருந்தது, மார்பில் இழுபடுகிற இரண்டாவது பொத்தான்தான் முதலில் தெறிக்கும்; புது ஆளை அந்த மெஷினில் போட்டிருந்தோம். அவள் அத்தனை பொத்தானையும் வெட்டிப் போட்டுவிட்டுக் கையால் தைக்க உட்கார்ந்தாள். எழுதியவர்களின் கோட்டையும் வரவழைத்துத் தைத்துக் கொடுத்தோம்.

மாதம் முடிந்ததும் போனேன். மேனேஜர் எழுந்து நின்றான். மேஜையில் என் பில்கள். பொத்தான் தெறித்த கோட்டுகளின் கணக்கைத் தனியாக வைத்திருந்தான்.

"இதைப் பிடிச்சுக்குங்க" என்று நானே அந்தப் பக்கம் தள்ளினேன். "பேச்சு பேச்சுதான்."

"மத்ததெல்லாம் உங்களுக்கு வருதும்மா. நடு சைஸ் மூட்டையெல்லாம் எங்க கணக்கு." கொஞ்சம் தயங்கினான். "மேல போய் நானே சொல்லிட்டேன், அந்தப் பட்டை என் வேலைன்னு."

"என்ன சொன்னாங்க?"

"திட்டினாங்க."

"நேரா?"

"நேராத்தான்."

"அப்ப நல்லது. பதில் சொல்லிருப்பீங்க."

"இனிமே காசு கட்டியே பெட்டிய வச்சுக்கப் போறோம். அத எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றான். அதில் அவனுக்கு வருத்தமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கணக்குப் பெண் வாசல்வரை வந்து, "கூடம் கூட்டியாச்சு" என்றாள்.

வங்கியில் மொத்தத்தையும் நோட்டாக வாங்கினேன். கூலியை நான் கையில்தான் கொடுப்பேன். போனில் அனுப்பச் சொல்வார்கள், மாட்டேன். வெட்டும் மேஜையைத் துடைத்து நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். காஜாக்காரி கடைசியாக வந்தாள். வளையல் போட்டிருந்த என் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையை விரித்து நீட்டினாள். இரண்டு மாதக் கூலியை அதில் எண்ணி வைத்தேன். பந்தயத்துக்காக அவள் இருந்த மாதத்தையும் எண்ணி வைத்தேன். பொத்தானுக்குப் பிடித்ததை அவர்கள் யார் கூலியிலும் கழிக்கவில்லை. அது என் பாடு.

அவள் கையை மூடவில்லை.

"என்னடி?"

"அத்தனை கோட்டுக்கும் கையால பொத்தான் தச்சனே. அதுக்கு?"

"மெஷின பாக்காம விட்டது யாரு?"

"புது ஆளை உக்கார வச்சது யாரு?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இடுப்பிலிருந்து என் சொந்தப் பணத்தை எடுத்து, எச்சில் தொட்டு, ஒன்று, இரண்டு என்று அவள் உள்ளங்கையில் வைத்தேன். மூன்றாவதையும் வைத்த பிறகுதான் விரல்கள் மடங்கின.